சிறுவர் பராமரிப்புப் படிக்கிறேன்: வைத்தியசாலையில் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா? (யாழ்ப்பாணம்)

சுன்னாகம்_மாணவி
ஞாயிறு, மாலை 6.40

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சிறுவர் பராமரிப்புப் படிக்கிறேன். தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டத்துக்கான பாடநெறி. வகுப்புகள் அடுத்த மாதம் முடிகின்றன. அதன்பின் மூன்று மாதம் வெளியே பயிற்சி பெற வேண்டும். எங்கள் வகுப்பில் 18 பேர். 17 பேரும் முன்பள்ளிக்கோ பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கோ போகிறார்கள். எனக்கு வைத்தியசாலைச் சிறுவர் விடுதியில் பயிற்சி பெற வேண்டும் என்று ஆசை.

காரணம் என் தம்பி. ஐந்து வயதில் மாமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். காலில் பாரம் கட்டி வாரக்கணக்கில் படுக்கவைத்திருந்தார்கள். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வெள்ளை உடுப்போடு யாரைக் கண்டாலும் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வான். பள்ளிக்கூடம் தொடங்கியபோது தன்னுடைய வெள்ளைச் சட்டையைப் போடவும் மறுத்தான். விடுதியில் யாரும் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் அவனுக்கு என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்கும்படி சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

போன வாரம் ஒரு வைத்தியசாலைக்கு நேரே போனேன். அலுவலகத்தில் இருந்தவர் "தாதியர் மாணவியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

யாரிடம் போவது, எப்படிக் கேட்பது? இப்படிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முன்பள்ளி_ரீச்சர்
ஞாயிறு, இரவு 8.05

தங்கச்சி, மனம் நோகச் சொல்லவில்லை. 14 வருடம் முன்பள்ளியில் இருக்கிறேன். பயிற்சிக்கு முன்பள்ளிதான் நல்லது. அங்கே ஒரே பிள்ளையை மூன்று மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள். முதல் நாள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை, மூன்றாம் மாதம் தானே செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வரும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. விடுதியில் பிள்ளை மூன்று நாள் இருக்கும், பிறகு துண்டு வெட்டி வீட்டுக்குப் போய்விடும். வளர்ச்சியைப் பற்றி உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்?

நல்லூர்_பயிற்றுநர்
ஞாயிறு, இரவு 9.30

நான் இதே துறையில் பயிற்றுநர். முதலில் வழிமுறையைச் சொல்கிறேன். மாணவி தனியாக வாசலில் போய் நின்றால் எந்த வைத்தியசாலையிலும் இடம் கிடைக்காது. அதில் வைத்தியசாலையின் பிழை எதுவும் இல்லை. கோரிக்கை உங்கள் நிலையத்தின் பொறுப்பதிகாரியின் கடிதமாகப் போக வேண்டும். உங்களை மேற்பார்வை செய்யப்போகும் பயிற்றுநரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் மாதக்கணக்கை இழக்கிறார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதற்கான கடிதம் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குப் போக வேண்டும். தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. மாகாண நிர்வாகத்துக்கு உட்பட்ட வைத்தியசாலையானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக மருத்துவ அத்தியட்சகருக்கு எழுதுங்கள். ஒரு பிரதியைச் சிறுவர் விடுதிப் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். மேலே அனுமதி கிடைத்தாலும் விடுதிக்குள் உங்களுக்கு இடம் தருபவர் அவர்தான்.

பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலரின் நற்சான்றிதழ், பொலிஸ் நற்சான்று, தடுப்பூசி விவரம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். பொலிஸ் நற்சான்று கைக்கு வர நாளெடுக்கும்.

ரீச்சர் எழுப்பிய கேள்வி நியாயமானது. மூன்று மாதத்தையும் விடுதியில் கழிக்கக் கேட்காதீர்கள். பெரும்பகுதி முன்பள்ளியிலும், வாரத்தில் ஓரிரு நாள் வைத்தியசாலையிலும் என்று பிரித்துக் கேட்டால் உங்கள் நிலையமும் ஒப்புக்கொள்ளும்.

விடுதித்_தாதி
திங்கள், அதிகாலை 5.15

இரவுக் கடமை முடியும் நேரத்தில் எழுதுகிறேன். நான் சிறுவர் விடுதியில் வேலை செய்பவள். எந்த வைத்தியசாலை என்று சொல்ல விரும்பவில்லை.

முதலில் எனக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் கட்டிலைச் சுற்றி ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விசேட வைத்தியர், அவருக்குக் கீழே உள்ள வைத்தியர்கள், மருத்துவ மாணவர்கள், தாதியர், தாதிய மாணவர்கள், சிற்றூழியர். யாழ்ப்பாணத்தில் 1978இலிருந்து மருத்துவ பீடம் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு மாணவர்கள் புதியவர்கள் அல்லர். அத்தனை முகங்களோடு இன்னொரு முகத்தையும் சேர்ப்பதானால் அந்த முகத்தால் பிள்ளைக்கு நன்மை இருக்க வேண்டும். உங்கள் பதிவேட்டுக்கு மட்டும் நன்மை என்றால் வராதீர்கள்.

இரண்டாவது தொற்று. உங்களுக்குக் கொப்புளிப்பான் வந்திருக்கிறதா? அதை நாங்கள் அம்மாள் வருத்தம் என்போமே, அதைத்தான் கேட்கிறேன். வராவிட்டால் தடுப்பூசி போட்டீர்களா? உடம்பில் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். நலமாக இருக்கிறேன் என்று நினைத்து நீங்கள் வந்து கதை சொல்லிவிட்டுப் போவீர்கள். பக்கத்துக் கட்டிலில் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரலழற்சி பி ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தடிமன் என்றால் அன்றைக்கு வீட்டில் நில்லுங்கள்.

மூன்றாவதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். மாரி மழைக்குப் பிறகு, மார்கழி, தை மாதங்களில் எங்கள் விடுதி டெங்குப் பிள்ளைகளால் நிறைந்துவிடும். அவர்களுக்கு எத்தனை மில்லிலீற்றர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று மணிக்கு மணி எழுதுவோம். ஒரு முறை பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒருவர், பாவம் என்று ஒரு பிள்ளைக்குச் சிவப்புச் சர்பத் கொடுத்துவிட்டார். எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் பிள்ளை சிவப்பாக வாந்தி எடுத்தது. அது சர்பத்தா இரத்தமா என்று தெரியாமல் நாங்கள் துடித்தோம். சர்பத்தாகவே இருந்தது. டெங்கு என்றால் சிவப்பு, கபில நிறப் பானங்களைக் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கொடுத்தவருடைய மனம் நல்ல மனம்தான். விடுதியில் அது மட்டும் போதாது.

காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். டெங்கில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

மானிப்பாய்_அம்மா
திங்கள், காலை 9.50

மேலே எழுதிய தாதிக்கு வணக்கம். உங்களைப் போன்றவர்கள் கண்விழித்ததால்தான் என் மகள் இன்று நலமாக இருக்கிறாள். ஆனாலும் தாயின் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

மகளுக்கு நான்கு வயது. நிமோனியாவுக்காக ஒன்பது நாள் விடுதியில் இருந்தோம். கணவர் வெளிநாட்டில். என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வந்து மாற முடியாது. ஒன்பது நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். குளிக்கப் போனால் அழுவாள். சோறு எடுக்கப் போனாலும் அழுவாள். கையில் ஊசிக் குழாய் இருப்பதால் அழுகையில் கையை இழுத்துவிடுவாளோ என்று பயந்து ஓடி வருவேன். ஆறாம் நாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அக்கா, பாடசாலைப் பிள்ளைதான், வந்து மகளோடு இருந்து கல்லை எறிந்து பிடிக்கும் கொக்கான் வெட்டினாள். ஊசி ஒரு கையில், மற்றக் கையால் மகள் கல்லைப் பிடித்தாள். அந்த அரை மணித்தியாலத்தில் நான் குளித்தேன், சாப்பிட்டேன், கொஞ்சம் அழுதும் முடித்தேன்.

அந்த அரை மணித்தியாலத்தை நீங்கள் கொடுத்தால் போதும் பிள்ளை. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பழைய_சிஸ்டர்
திங்கள், பிற்பகல் 3.20

ஓய்வுபெற்ற தாதிய சகோதரி நான். சுன்னாகத்துப் பிள்ளைக்கு எழுதுகிறேன்.

"இங்கே உங்களுக்கு என்ன வேலை" என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. நீர் அதற்கு ஒரு வரியில் பதில் வைத்திருக்க வேண்டும். மானிப்பாய் அம்மா அந்தப் பதிலை எழுதித் தந்துவிட்டார். நான் அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

விடுதியில் பிள்ளைக்கு வருத்தம் ஒரு பங்கு, பயம் ஒரு பங்கு, சும்மா கிடப்பது ஒரு பங்கு. வருத்தத்தை வைத்தியரும் தாதியும் பார்ப்பார்கள். மற்ற இரண்டுக்கும் எங்களுக்கு நேரம் போதாது. மனம் இல்லாமலில்லை. ஒரு தாதி எத்தனை கட்டில் பார்க்கிறாள் என்று வந்து பார்த்தால் தெரியும். அந்த இரண்டு பங்கும்தான் உம்முடைய வேலை. அதைச் செய்ய ஊசி பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் வயதுக்கு என்ன விளங்கும், எதற்குப் பயப்படும், எதில் மனம் ஒன்றும் என்று தெரிய வேண்டும். அது உம்முடைய படிப்பு, எங்களுடையது அல்ல.

ஓர் உதாரணம். இரத்தம் எடுக்கும்போது "நோகாது, எறும்பு கடித்தது போல" என்று சொல்லாதவர் யார்? நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிள்ளைக்கு நோகும். அடுத்த நாள் நாங்கள் எதைச் சொன்னாலும் அது நம்பாது. "கொஞ்சம் நோகும். பத்து எண்ணுவதற்குள் முடியும். நீ கத்தலாம், கையை மட்டும் ஆட்டாதே" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிறது. மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அழுத்திப் பிடித்தால் பேயைக் கண்டது போல் அலறும். அதே பிள்ளையைத் தாய் மடியில் நிமிர்த்தி இருத்தி அணைத்துப் பிடித்தால் பாதிப் பயம் போய்விடும். நான் இதை அறிந்தபோது தலை நரைத்துவிட்டது. அதற்கு முன் வந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தானே தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, எங்கள் பொடியன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நோயாளிக்கு அவனுடைய மொழியில் விளங்கவேண்டும் என்று இந்த மண்ணில் ஒருவர் அவ்வளவு முன்னமே நினைத்தார். எங்கள் விடுதிகளில் பெரியவர்களுக்கு நோயை விளக்குகிறோம். பிள்ளைக்கு அதன் மொழியில் விளக்க இன்னும் ஆள் இல்லை.

கடைசியாக ஒரு கடுமையான விடயம். விடுதிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் காய்ச்சலோடு வருவதில்லை. சிலருக்கு வீட்டிலேயே தீங்கு நடந்திருக்கும். விளையாடும்போது பிள்ளை உம்மிடம் ஏதாவது சொல்லக்கூடும். நீர் துருவிக் கேட்கக்கூடாது, சத்தியமும் செய்யக்கூடாது. அமைதியாகக் கேட்டு, அன்றைக்கே பொறுப்புத் தாதியிடம் பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும் மனத்தில் இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம்_வாசி
திங்கள், இரவு 11.40

இணுவிலில் பிறந்து இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே ஒரு வைத்தியசாலையின் சிறுவர் பிரிவில் விளையாட்டுப் பணியாளராக இருக்கிறேன். சிஸ்டர் எழுதியதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை.

இங்கே இது ஒரு தனித் தொழில். அதற்கென்று படிப்பும் பதிவும் உண்டு. ஆனால் இதுவும் வானத்திலிருந்து விழவில்லை. 1950களில் இந்த நாட்டில் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். வந்து பார்க்க மிகக் குறைந்த நேரமே கொடுப்பார்கள். 1959இல் வந்த பிளாட் அறிக்கை பெற்றோரைத் தடையின்றி வரவிட வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மெல்ல மெல்ல மாறியது. எங்கள் ஊர் விடுதியில் தாய் கட்டிலோடு இருக்கிறாள். அந்தப் பலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவளை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைச் சொந்தம் கொண்டாடாதீர்கள்.

இங்கேயும் சிறுவர் பராமரிப்பு மாணவர்களுக்கு வைத்தியசாலை இடம் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் தொடங்கிய 'டி லெவல்' என்ற தொழிற்கல்விப் படிப்பில் சிறுபிள்ளைக் கல்விப் பிரிவை எடுப்பவர்கள் 750 மணித்தியாலம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். பெரும்பாலானோர் அதைப் பாலர் நிலையங்களில்தான் நிறைவு செய்கிறார்கள். குற்றப்பதிவுச் சோதனை முடியாமல் யாரும் பிள்ளைகளருகே போக முடியாது. விடுதியில் இடம் கிடைக்காதவர்கள், வைத்தியசாலை ஊழியரின் பிள்ளைகளுக்கான பராமரிப்பு நிலையத்திலோ வெளிநோயாளர் காத்திருப்பு இடத்திலோ கேட்பார்கள். நீங்களும் ஊரில் சிறுவர் விடுதிக்கு மட்டும் கேட்காமல் கிளினிக்குக்கும் கேட்டுப் பாருங்கள்.

நடைமுறை ஒன்று. விளையாட்டுப் பொருள் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது ஒரே பிள்ளைக்குச் சொந்தமாக வேண்டும். பஞ்சுப் பொம்மை கட்டிலுக்குக் கட்டில் போகக்கூடாது. ஊரின் பனையோலைக் கிலுகிலுப்பை எனக்கு உயிர், ஆனால் அதைக் கிருமிநீக்க முடியாது. ஆகவே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் அது வீட்டுக்கே கொண்டுபோகட்டும். காகிதத்தில் செய்வது எல்லாவற்றிலும் நல்லது. மலிவு, பிள்ளையின் கையாலேயே ஆகும், அதோடே போகும்.

விடுதித்_தாதி
செவ்வாய், காலை 7.30

கொக்கான் கல்லைப் பற்றி ஒரு சொல். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் கட்டிலருகே வேண்டாம். எதையும் வாயில் வைக்கும் வயது.

சிஸ்டர் சொன்ன "பயம் ஒரு பங்கு, சும்மா கிடப்பது ஒரு பங்கு" என்பதை நேற்றிரவு நினைத்துக்கொண்டே கடமை செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மூன்று நிபந்தனையும் அப்படியே நிற்கின்றன.

வடமராட்சி_மருத்துவமாது
செவ்வாய், பிற்பகல் 1.10

விடுதியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் ஊருக்கு ஊர் நடக்கும் சிறுவர் கிளினிக்கை மறந்துவிட்டீர்கள்.

கிளினிக் நாளன்று வந்து பாருங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதப் பிள்ளைகள் ஊசிக்கு வருவார்கள். ஒன்பது மாதப் பிள்ளை சின்னமுத்து ஊசிக்கு வரும். அது ஆட்களை அடையாளம் கண்டு அழும் வயது. பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம், மூன்று வயது, ஐந்து வயது என்று எல்லா வயதும் ஒரே விறாந்தையில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு உள்ளே கேட்கும் அழுகை முழுவதும் விளங்கும். தன் முறை வருவதற்குள் அது தளர்ந்துபோய்விடும். அந்த விறாந்தையில் ஒருவர் பாயை விரித்துச் சவர்க்கார நுரைக் குமிழ் ஊதிக்கொண்டிருந்தால் எங்கள் வேலை எவ்வளவு இலகுவாகும் என்று உங்களுக்குத் தெரியாது. குமிழ் ஊதும் பிள்ளை மூச்சை நீளமாக விடும். நீளமாக மூச்சு விட்டுக்கொண்டே வீரிட்டு அழுவது கடினம்.

ரீச்சரின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு தாயிடமும் பிள்ளைச் சுகாதார விருத்திப் பதிவேடு இருக்கிறது. பிறந்ததிலிருந்து நிறை, உயரம், எந்த மாதத்தில் தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது, எப்போது சொல் பேசியது எல்லாம் அதில் உண்டு. தாயின் சம்மதத்தோடு அதைப் பார்த்துப் படித்தால் ஒரே காலையில் முப்பது பிள்ளைகளின் வளர்ச்சியைக் காண்பீர்கள். அனுமதி கேட்கவேண்டியது உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரியிடம்.

முன்பள்ளி_ரீச்சர்
செவ்வாய், மாலை 5.00

கிளினிக் என்றால் நானும் சரி என்பேன். அந்தப் பதிவேட்டை என் முன்பள்ளிக்கு வரும் பயிற்சி மாணவிகளில் பலர் திறந்தும் பார்த்ததில்லை. விடுதியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒரு மரணத்தைக் கண்டால் யார் தாங்கிப் பிடிப்பது? அதையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_சிஸ்டர்
செவ்வாய், இரவு 7.45

ரீச்சர் கேட்டது சரி. எனக்கு முதன்முதலில் அது நடந்தபோது பத்தொன்பது வயது. யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போகச் சொன்னார்கள். ஆகவே பிள்ளை, கடிதத்தில் எழுதாவிட்டாலும் உம்முடைய பயிற்றுநரிடம் கேட்டு வையும்: கடுமையான நாள் ஒன்று வந்தால் அன்று மாலையே நான் யாரோடு கதைக்கலாம்? பெயர் சொல்லி ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுதிக்குப் போகாதேயும்.

கொடிகாமம்_தம்பி
புதன், காலை 10.20

நானும் இதே பாடநெறிதான். வகுப்பில் ஒரே ஆண் பிள்ளை. முன்பள்ளிகளிலேயே என்னை யோசித்துத்தான் எடுக்கிறார்கள். வைத்தியசாலையில் ஆண் மாணவனை விடுவார்களா?

ஈஸ்ட்ஹாம்_வாசி
புதன், பிற்பகல் 4.15

தம்பி, நீங்கள் தேவைப்படுபவர். எட்டு, ஒன்பது வயதுப் பொடியன்கள் பெண்களிடம் "பயமாக இருக்கிறது" என்று சொல்ல வெட்கப்படுவார்கள். உங்களோடு சதுரங்கம் விளையாடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். ஆனால் பெண்ணானாலும் ஆணானாலும் ஒரே விதிதான்: பிள்ளையோடு தனியாக மறைவில் இருக்காதீர்கள், எப்போதும் தாயோ தாதியோ காணக்கூடிய இடத்தில் இருங்கள். அது பிள்ளைக்கும் காவல், உங்களுக்கும் காவல்.

சுன்னாகம்_மாணவி
புதன், இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் நிலையத்தில் கடிதத்துக்கு என்னையே ஒரு பந்தி எழுதித் தரச் சொன்னார்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

"எமது மாணவி சிறுவர் விடுதியில் நோயாளர் பராமரிப்பில் உதவி செய்து, வைத்தியசாலைச் சூழலில் அனுபவம் பெற விரும்புகிறார். அதற்கான சந்தர்ப்பத்தை வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

சரியா?

விடுதித்_தாதி
வியாழன், காலை 6.10

"நோயாளர் பராமரிப்பில் உதவி" என்பதை வெட்டுங்கள். அந்த ஒரு சொற்றொடரைக் கண்டதும் மேலே இருப்பவர் மனத்தில் ஒரே கேள்விதான் எழும்: ஏதாவது தவறு நடந்தால் யார் பொறுப்பு? கடிதம் அந்த மேசையிலேயே தங்கிவிடும். "அனுபவம் பெற" என்பதும் வேண்டாம். அது உங்களுடைய நன்மை. பிள்ளைக்கு என்ன என்று எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எமது மாணவி வாரத்தில் இரண்டு நாள் பிற்பகல் 2 மணி முதல் 4.30 மணி வரை, பொறுப்புத் தாதிய உத்தியோகத்தர் குறிப்பிடும் 3 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுடன் மட்டும், கட்டிலருகே கதை சொல்லல், வரைதல், காகித வேலை ஆகியவற்றில் ஈடுபடுவார். மருந்து கொடுத்தல், உணவு அல்லது பானம் கொடுத்தல், பிள்ளையைத் தூக்குதல், இடம் மாற்றுதல் ஆகியவற்றில் ஈடுபடமாட்டார். பிள்ளைகளைப் படம் எடுக்கமாட்டார். குறிப்புகளில் பெயர் எழுதமாட்டார். பொருட்களை நிலையமே வழங்கும். ஒவ்வொரு நாளும் கழுவி எடுத்துச் செல்வார்."

அந்த நேரத்தை ஏன் சொன்னேன் என்றால், காலையில் வைத்தியர்கள் வருவார்கள், மாலையில் பார்வையாளர் வருவார்கள். இடையில் வரும் பிற்பகல்தான் பிள்ளைக்கு மிக நீளமானது.

செய்யமாட்டேன் என்பவற்றை எழுதுவதுதான் முக்கியம். அதை வாசிக்கும் தாதிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். எனக்கு வரும்.

நல்லூர்_பயிற்றுநர்
வியாழன், காலை 8.40

இந்தப் பந்தியை என் மாணவிகளுக்கும் பயன்படுத்த அனுமதி தாருங்கள். ஒன்றை மட்டும் சேர்ப்பேன்: 1989இன் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது, இலங்கை 1991இல் அதை ஏற்றது. அலுவலகங்களுக்கு அப்படி ஒரு வரி கையில் இருந்தால் ஒப்பமிட இலகுவாக இருக்கும்.

சுன்னாகம்_மாணவி
ஐந்து வாரங்களின் பின், புதன், மாலை 6.30

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். கடிதம் இரண்டு இடங்களுக்குப் போனது. ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. மற்றதில் ஒப்புக்கொண்டார்கள். மூன்று நாள் முன்பள்ளி, ஒரு காலை கிளினிக், இரண்டு பிற்பகல் விடுதி. அலுவலகத்தில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பிள்ளையின் பயமும் சும்மா கிடக்கும் நேரமும் என் வேலை" என்றேன். அங்கிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானே என்னை விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாள் யாரும் என்னோடு கதைக்கவில்லை. கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு கட்டிலருகே இருந்து காகிதத்தில் கப்பல் மடித்தேன். நாலாவது கப்பலுக்கு அடுத்த கட்டில் பிள்ளை கையை நீட்டியது.

இப்போது ஒரு கேள்வி. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை காலை சிறிய சத்திரசிகிச்சை. நாளை பிற்பகல் நான் அங்கே இருப்பேன். பிள்ளை என்னிடம் "என்ன செய்வார்கள்" என்று கேட்டது. சிஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்ன சொல்லலாம்?

பழைய_சிஸ்டர்
புதன், இரவு 8.15

கேட்டுச் சொல்கிறேன் என்றது சரியான பதில். விடுதிச் சிஸ்டரும் தாயும் சம்மதித்தால் மட்டும் சொல்லும். "நித்திரையாக்குவார்கள்" என்று மொட்டையாகச் சொல்லாதேயும். அன்றிரவு பிள்ளை நித்திரைக்கே பயப்படும். "இது வீட்டில் வரும் நித்திரை அல்ல, மருந்தால் வரும் நித்திரை. வேலை முடியும்வரை எதுவும் நோகாது. முடிந்ததும் எழுப்புவார்கள்" என்று சொல்லும். எழும்பிய பிறகு கொஞ்சம் நோகலாம், நொந்தால் சொல்ல வேண்டும் என்பதையும் மறைக்காதேயும்.

விளையாட்டுச் சமையல் பாத்திரம், பழப் படம் எதுவும் நாளைக்குக் கொண்டுபோகாதேயும். வெள்ளி காலை அதற்குச் சாப்பாடு இல்லை.

எழும்பும்போது அம்மா பக்கத்தில் இருப்பார் என்று நீராகச் சொல்லாதேயும். அங்கே அப்படி விடுவார்களா என்று முதலில் கேளும்.

சுன்னாகம்_மாணவி
வியாழன், பிற்பகல் 1.35

கேட்டேன். சத்திரசிகிச்சைக் கூடத்துக் கதவுவரை அம்மா வரலாம், எழும்பும்போது உள்ளே கூப்பிடுவார்கள் என்று சிஸ்டர் சொன்னார். பையிலிருந்த பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டேன். கப்பல் காகிதம் மட்டும் இருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே போகிறேன்.